பிரேமனா, பிளிமத்தா, பினாங்கா: சனி ஞாயிறை வைத்து ஒரு கணக்கு

அக்கா மகள் மண்டபத்தில் வளர்ந்தவள். கடல் உயிரியலில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலைக்கு இப்போது மூன்று ஊர்களில் இடம் வாங்கி வைத்திருக்கிறாள். ஜெர்மனியில் பிரேமன், இங்கிலாந்தில் பிளிமத், மலேசியாவில் பினாங்கு. மூன்றும் துறைமுக ஊர்கள், மூன்றிலும் கடல் படிப்புக்குப் பெயர் உண்டு. கட்டணம், வங்கிக் கடன், தரவரிசை, படித்த பின் வேலை எல்லாம் வீட்டில் அலசி முடிந்துவிட்டது. அத்தான் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதியே வைத்திருக்கிறார். அந்த நோட்டில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வகுப்பு முடிந்த பிறகு அவள் என்ன செய்வாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், லீவு நாளில் எங்கே போவாள்?

"படிக்கப் போறாளா, ஊர் சுத்தப் போறாளா?" என்று அக்கா கேட்டாள். இரண்டுக்கும்தான். நிலத்தை வித்தோ நகையை வைத்தோ ஒரு பிள்ளையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அனுப்புகிறோம். அது அறையும் ஆய்வுக்கூடமும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பணம் வீண். தனியாகக் கிடக்கிற பிள்ளைக்குப் படிப்பும் ஓடாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் யாரோடும் ஒட்டாமல் போனவர்கள்தான் இரண்டாம் செமஸ்டரில் வகுப்புக்கே வராமல் போனார்கள்.

நான் படித்தது பிரேமனில். என் சாய்வு எந்தப் பக்கம் என்று வாசிப்பவருக்கு முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. பினாங்கில் எங்களுக்கு ஊர்க்காரர்கள் நிறைய, போய்வந்து பழக்கம். பிளிமத்தை அங்கே படித்த கூட்டாளிகள் வழியாகவும் ஒரு கோடைப் பயணத்திலுமாகத் தெரியும்.

முதலில் காகிதம், அப்புறம் காசு

ஊர் சுற்றக் காசு வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அதற்கும் முன்னால் அனுமதி வேண்டும். ஜெர்மனியில் மாணவருக்குக் கொடுக்கும் குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் ஒரே விசாவைப் பொதுவாக வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் மற்ற நாடுகளுக்குத் தனி விசா எடுக்காமல் போய்வரலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மிகாமல். ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரம் நடக்கலாம், யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

பிளிமத்தில் கதை வேறு. அந்தத் துறைமுகத்திலிருந்தே பிரான்சின் ரோஸ்காஃபுக்குக் கப்பல் போகிறது, கண் முன்னால்தான் கிளம்பும். ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. நம் பிள்ளை அந்தக் கப்பலில் ஏற வேண்டுமானால் ஷெங்கன் விசாவுக்குத் தனியாக விண்ணப்பித்து, 90 யூரோ கட்டி, நேரம் வாங்கி, விரல் ரேகை கொடுத்து வர வேண்டும். ஒரு வருடப் படிப்பில் இதற்கெல்லாம் எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? அங்கே படித்த என் கூட்டாளிகள் பலர் ஐரோப்பாவைப் பார்க்காமலே திரும்பினார்கள். ஸ்காட்லாந்து வரை போனதே அவர்களுக்குப் பெரிய பயணம்.

பினாங்கிலிருந்து பார்த்தால் மலேசியா முழுக்கத் திறந்து கிடக்கிறது. சிங்கப்பூர் போக நமக்கு விசா வேண்டும், அங்கே மாணவர் என்பதால் சலுகை இல்லை. ஆனால் எதிர்த் திசையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இப்போதைக்கு 2026 கடைசி வரை இந்த ஏற்பாடு. அதாவது அக்காவும் அத்தானும் திருச்சியில் விமானம் ஏறி, நாலு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கி, மகளைப் பார்க்கலாம். ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அப்படி நினைத்தவுடன் கிளம்ப முடியாது. ஊர் சுற்றுவதில் பெற்றோர் வந்து சேர்ந்து சுற்றுவதும் ஒன்று என்று எண்ணுகிற வீடுகளுக்கு இந்த ஒரு வரியே போதும்.

ரயில் பாஸ் என்கிற வரம்

பிரேமனுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான். ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுக்கச் செல்லும் மாதப் பயணச்சீட்டு வந்தது. அடுத்த வருடக் கோடை செமஸ்டரிலிருந்து மாணவர்களுக்கு அதே சீட்டு அறுபது சதவீத விலைக்கு, மாதம் 29.40 யூரோவுக்குக் கிடைத்தது. பிறகு பொதுச்சீட்டு 58 ஆகி, 2026-ல் 63 ஆனதால் மாணவர் விலையும் 37.80-க்கு ஏறியிருக்கிறது. மாணவர் அமைப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிற பல்கலைக்கழகங்களில் இந்தத் தொகை ஒவ்வொரு செமஸ்டருக்கும் மாணவர் கட்டும் பங்களிப்புத் தொகையோடு சேர்ந்தே பிடிக்கப்படும். எல்லாப் பல்கலைக்கழகமும் இதில் இல்லை, சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சீட்டில் ஐசிஇ போன்ற வேக ரயில் ஏற முடியாது. நம் ராமேஸ்வரம் மதுரை பாசஞ்சர் மாதிரி நின்று நின்று போகிற வட்டார ரயில்கள், நகர பஸ், டிராம் எல்லாம் அடங்கும். பிரேமனிலிருந்து ஹாம்பர்க் ஒன்றேகால் மணி நேரம். பிரேமர்ஹாஃபன் இன்னும் பக்கம். அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன ஜெர்மானியர்களின் கதையைச் சொல்லும் குடியேற்ற அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய குடும்பங்களில் பிறந்த நமக்கு அதைப் பார்க்க ஒரு தனி ருசி. கையில் பாஸ் இருப்பதால் பயணத்துக்கென்று தனியாக ஒரு காசு எடுத்து வைக்க வேண்டாம். காலையில் வானம் வெளுத்திருந்தால் கிளம்பலாம், மழை வந்தால் பாதியில் இறங்கித் திரும்பலாம். "வர்றியா?" என்று பக்கத்து அறைப் பிள்ளை கேட்டால், "காசு இல்லை" என்று சொல்லி நழுவ வேண்டிய நிலை வராது. கூட்டாளிகள் பிடிப்பதில் இதற்குள்ள பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

இந்தச் சீட்டில் அவள் கட்டாயம் போக வேண்டிய இடமாக நான் சொல்லி வைத்திருப்பது குக்ஸ்ஹாஃபன். வடகடலின் ஓரம் வாடன் கடல் என்று ஒரு சேற்றுச் சமவெளி, 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏற்றவற்றம் அங்கே ரொம்பப் பெரிது. வற்றும்போது கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் விலகிப் போய்விடும், அடித் தரையில் நடந்தே நொய்வெர்க் தீவுக்குப் போகலாம். பாக் நீரிணையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் இவ்வளவு தூரம் விலகிப் பழக்கமில்லை. வெறுங்காலோடு இறங்கினால் சாம்பல் நிறச் சேறு விரலிடுக்கில் பிதுங்கும். ஒவ்வொரு அடிக்கும் மண்புழு கக்கியது போல் சின்னச் சின்ன மணல் சுருள்கள் இருக்கும். கீழே குழாய் தோண்டி வாழும் புழுவின் வேலை அது. வழியில் உயரமான கம்பங்களின் மேல் ஏணியோடு கூண்டுகள் நிற்கும். ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் ஏறித் தப்பிப்பதற்கு. வழிகாட்டி இல்லாமல் தீவுக்குக் கிளம்பக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். மண்டபம் பக்கத்துக் குருசடைத் தீவைப் படித்த பிள்ளைக்கு இந்த ஒரு நாள் பாதிப் பாடத்துக்குச் சமம்.

பிளிமத்தில் இப்படிப்பட்ட பாஸ் கிடையாது. 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான ரயில் அட்டை வருடம் 35 பவுண்டு, மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும். தள்ளுபடி போகவும் இங்கிலாந்து ரயில் கட்டணம் சுடும். லண்டன் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், முன்கூட்டி எடுத்தால்தான் கட்டுப்படி. பஸ்ஸுக்கு 3 பவுண்டு உச்சவரம்பு இருப்பதால் டார்ட்மூர் தேசியப் பூங்கா பக்கம் போவது மலிவு. குட்டைக் குதிரைகள் மேயும் பாறை மேடுகள், எந்நேரமும் மூடுபனி. நடக்கப் பிடிக்கிறவர்களுக்குச் சொர்க்கம், மற்றவர்களுக்கு ஒரு தடவை போதும்.

ஆனால் அந்த லண்டன் ரயிலில் ஒரு இடம் வரும், பாம்பன் பார்த்தவர்கள் ஜன்னலை விட்டு அசைய மாட்டார்கள். டாலிஷ் என்ற ஊரில் தண்டவாளம் கடல் சுவரின் மேலேயே ஓடுகிறது. அலை அடித்தால் ஜன்னல் நனையும். 2014 பிப்ரவரிப் புயலில் சுவர் உடைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது; இரண்டு மாதத்தில் திரும்பக் கட்டி ஏப்ரலில் ரயில் விட்டார்கள். 1964 புயலில் பாம்பன் பாலம் சிதைந்ததும், தனுஷ்கோடி ரயில் பயணிகளோடு போனதும் நமக்குப் பாட்டி சொன்ன கதை. அந்தக் கதை தெரிந்தவர் அந்த ரயிலில் சும்மா செல்போனைப் பார்த்துக்கொண்டு போக முடியாது.

லண்டனில் ஒரு நன்மை: பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம் எல்லாம் நுழைவு இலவசம். படுக்க மட்டும் தெரிந்தவர் வீடு வேண்டும். ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ நம்மவர்கள் யாராவது இருப்பார்கள். ஹைகேட் முருகன் கோயிலுக்கும் ஒரு நடை போய் வரலாம்.

பினாங்கில் செலவே ஒரு பிரச்சினை இல்லை. ஜார்ஜ் டவுனுக்குள் இலவச பஸ்ஸே ஓடுகிறது. 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்த ஊர். ஒரே தெருவை ஒட்டிப் பள்ளிவாசல், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், தேவாலயம். மலை மேல் ஏறும் ரயில், தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படி, தெலுக் பகாங் பக்கம் தேசியப் பூங்காவில் ஆமை முட்டையிடும் கடற்கரை. பட்டர்வொர்த் போய் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர், பத்துமலை. எல்லாம் அழகுதான். என் கணக்கில் ஒரு வருடத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம், இரண்டாம் வருடம் பார்த்த இடத்தையே பார்க்க வேண்டி வரும். வெயிலும் புழுக்கமும் நம்மூர் மாதிரியேதான், பனி பார்க்க ஆசைப்பட்டவளுக்கு அது ஏமாற்றம்.

ஆள் பழக்கம்

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். மூன்று ஊருக்கும் உண்மையான வித்தியாசம் ஆட்களிடம்தான் தெரியும். ஒரே முகத்தை ஒரே கிழமையில் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பழக்கம் வரும். ஒருநாள் கூத்தாக ஒரு விருந்துக்குப் போய்வருவதில் ஒன்றும் ஒட்டாது. எந்த ஊர் அந்தக் கிழமையை மலிவாகத் தருகிறது?

ஜெர்மானியர்கள் லேசில் ஒட்ட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கிற நம் பழக்கம் அங்கே செல்லாது. அவர்களுக்குச் சங்கம் வேண்டும். பாட்டுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, சதுரங்கத்துக்கு ஒன்று. பல்கலைக்கழகமே விளையாட்டு வகுப்புகளைச் சொற்பக் கட்டணத்தில் நடத்தும். செமஸ்டர் தொடக்கத்தில் இணையத்தில் பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் நல்ல வகுப்புகள் நிரம்பிவிடும். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பூப்பந்துக்குப் போனால் இரண்டாம் மாதம் ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், நாலாம் மாதம் வீட்டுக்குக் கூப்பிடுவாள். அதன் பிறகு அந்த உறவு பத்து வருடம் போனாலும் அறுவதில்லை.

இரண்டாவது இடம் விடுதியின் பொதுச் சமையலறை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும், சத்தம் போடவும் கூடாது. ஆக மொத்தத் தளமும் சமையலறையில்தான் கிடக்கும். ஆளுக்கு ஒரு ஃபிரிட்ஜ் தட்டு, ஆளுக்கு ஒரு பாத்திரம், கழுவாமல் விட்டவர் யார் என்று சுவரில் ஒரு சீட்டு. அங்கே நம் பிள்ளைகள் செய்கிற ஒரு காரியம் நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் போடுவது. என் தளத்தில் ஒரு தஞ்சாவூர்ப் பையன் அதைச் செய்தபோது புகை அலாரம் கத்தி, ஐந்து நாட்டுப் பிள்ளைகள் கோட்டை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றார்கள். கோபப்பட்ட ஒரு போலந்துப் பெண் கடைசியில் சோற்றோடு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவளே ஊறுகாய் மீன் கொண்டு வந்தாள். கருவாடு வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்து, கதவை மூடி, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

வகுப்பு தொடங்குகிற அக்டோபரில்தான் பிரேமனின் ஃப்ரைமார்க்ட் திருவிழா வரும், 1035-லிருந்து கணக்கு சொல்கிறார்கள். ராட்டினம், வறுத்த பாதாம், பன்றிக் கறியும் பீரும். வேண்டியவர்கள் வேண்டியதைச் சாப்பிடலாம். புதிதாக வந்த பிள்ளைகள் கூட்டமாகப் போவதால் முதல் அறிமுகத்துக்கு நல்ல இடம். தமிழ் முகம் பார்க்க ஆசை வந்தால் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. கோடைத் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் திரளுவார்கள். அதே ரயில் பாஸில், ரெண்டு வண்டி மாறிப் போய்விடலாம்.

இதன் மறுபக்கம் டிசம்பர். காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலேகாலுக்குள் இருட்டிவிடும். ஜெர்மன் மொழி தெரியாதவர்களுக்கு அந்த இருட்டு இரண்டு மடங்கு. பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆனால் இடைவேளையில் காபி இயந்திரத்தைச் சுற்றி நடக்கிற பேச்சு ஜெர்மனில் ஓடும். அதில் சேர முடியாதவர்கள் நம்மவர்கள் நாலு பேரோடு ஒதுங்கி, கிரிக்கெட் பார்த்து, பிரியாணி செய்து, இரண்டு வருடத்தையும் ஹைதராபாத்திலேயே கழித்த மாதிரி முடித்துவிடுவார்கள்.

பிளிமத்தில் மொழிச் சிக்கல் இல்லை, பிளிமத் இருக்கும் டெவன் வட்டாரத்துப் பேச்சு முதல் மாதம் காதில் ஏறாது என்பதைத் தவிர. செப்டம்பரில் முதல் வாரமே மாணவர் சங்கம் பந்தல் போட்ட மாதிரி எல்லாக் குழுக்களையும் வரிசையாக உட்கார வைத்துவிடும். முக்குளிப்பு, அலைச்சறுக்கு, நடைப்பயணம், நாடகம். கடல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் எங்கும் கிடைக்காது. 1884-ல் தொடங்கிய கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்வுக்கூடமும், நாட்டின் மிகப்பெரிய மீன் காட்சியகமும் அதே ஊரில். எல்லாரும் ஒரு வருடத்துக்கு வந்தவர்கள் என்பதால் எல்லாருமே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், சீக்கிரம் பழகிவிடலாம். சந்திப்பு பெரும்பாலும் பப்பில் நடக்கும். குடிக்காதவர் எலுமிச்சைச் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடமே பிடிக்காதவர்களுக்கு மட்டும் பாதிக் கதவு மூடிவிடும்.

அங்கே என் கவலை நேரம். பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு, கட்டணம் பெரிது, கடன் வட்டி ஓடுகிறது. செமஸ்டர் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், அந்த 20 மணி நேரம் பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் அமையும். முக்குளிப்புக் குழு படகில் கிளம்பும் காலையில் நம் பிள்ளை கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும். கோடையில் ஆய்வறிக்கை. பழகிய ஆட்களோடு நிதானமாக நாலு இடம் போகலாம் என்கிறபோது எல்லாரும் மூட்டை கட்டுவார்கள். ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று விதி இருப்பதால், நீண்ட விடுமுறையில் மொத்தமாக உழைத்துவிட்டுச் செமஸ்டரில் சனி ஞாயிறைக் காப்பாற்றிக்கொள்ளலாம். விசாவுக்காக வங்கியில் அடைத்து வைக்கும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 கைக்கு வரும், அதில் வாடகையும் காப்பீடும் போனால் மிஞ்சுவது சாப்பாட்டுக்குத்தான் சரியாக இருக்கும். ஆக அங்கேயும் வேலை பார்த்தே ஆக வேண்டும். எப்போது பார்ப்பது என்பதை முடிவு செய்யும் சுதந்திரம் கொஞ்சம் கூடுதல்.

மலேசியாவில் மாணவர் வேலைக்குக் கெடுபிடி அதிகம். செமஸ்டர் விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட லீவிலோ மட்டும், அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம் போன்ற குறிப்பிட்ட இடங்களில். செலவு குறைவு என்பதால் சமாளிக்கலாம். சனி ஞாயிறு முழுக்க அவளுடையது.

பினாங்கில் பழக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. ரஜூலா கப்பல் ஓடிய காலத்திலிருந்தே நம் கடற்கரைக்கும் அதற்கும் போக்குவரத்து. சூலியா தெரு பக்கம் சோறும் குழம்பும் போடும் நாசி கண்டார் கடையில் தட்டோடு நின்று "மீன் தலை வேணும், குழம்பைக் கலந்து ஊத்துங்க" என்று தமிழில் சொன்னாலே, கரண்டி பிடித்தவர் நிமிர்ந்து பார்ப்பார். "எந்த ஊரும்மா?" என்பார். மண்டபம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அவருடைய தாத்தா பனைக்குளமாகவோ சித்தார்கோட்டையாகவோ இருப்பார், காசு வாங்கமாட்டேன் என்பார். அங்கேயே நாகூர் தர்கா, நடந்து போகிற தூரத்தில் 1801-ல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நோன்பு மாதத்தில் கஞ்சி. தைப்பூசத்துக்கு ஊரே லீவு, வெள்ளி ரதம், தேங்காய் மலை. அம்மா கையால் சாப்பிட்ட பிள்ளை முதல் வாரமே அழாமல் இருக்கும் ஒரே ஊர் இதுதான்.

அக்காவுக்குப் பினாங்கு பிடிப்பதற்குக் காரணமும் இதுவே. "நம்ம ஆளுக இருக்காக, ஒண்ணுன்னா ஓடி வருவாக" என்கிறாள். சரி. ஓடி வருகிறவர்கள் கண்ணும் வைத்திருப்பார்கள். யாரோடு சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்பினாள் என்பது அவள் போன் செய்வதற்கு முன்னால் மண்டபம் வந்து சேர்ந்துவிடும். ஆண் பிள்ளைகளுக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். பெண்பிள்ளைக்கு இது ஒவ்வொரு பயணத்திலும் கையைப் பிடித்து இழுக்கும். சீன, மலாய் மாணவர்களோடு பழக அங்கே அருமையான வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மாமா வீட்டுச் சாப்பாடு, மாமி வீட்டு விசேஷம் என்று ஞாயிறு ஒவ்வொன்றாகப் போனால் அந்த வாய்ப்பு வாசலிலேயே நின்றுவிடும்.

போன் என்றதும் நினைவு வருகிறது. பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அவள் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் இங்கே ஆறரை, அக்கா விளக்கேற்றிவிட்டுப் பேசலாம். பிரேமன் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். பிளிமத் குளிர்காலத்தில் ஐந்தரை. அவள் மாலை ஆறு மணிக்கு வகுப்பு முடித்துக் கூப்பிடும்போது இங்கே பதினொன்றரை. தினமும் பேசியாக வேண்டும் என்கிற வீட்டில் யாராவது ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவள் மதியச் சாப்பாட்டை, அதாவது கூட்டாளிகளோடு உட்கார வேண்டிய நேரத்தை, போனுக்குக் கொடுக்க வேண்டும். பிரேமனோ பிளிமத்தோ போனால் வாரத்துக்கு ரெண்டு நாள் நீண்ட பேச்சு, மற்ற நாள் வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

என் ஓட்டு

பிளிமத்தை நான் மூன்றாவதாக வைக்கிறேன். கடல் விளையாட்டுக்கு அந்த ஊரை அடிக்க ஆளில்லை. கடன் இல்லாமல் படிக்கிறவர்களும் சனிக்கிழமை வேலை பார்க்கத் தேவையில்லாதவர்களும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நம் வீட்டுக் கணக்குக்கு அது ஒத்து வராது.

பிரேமனும் பினாங்கும்தான் போட்டி. ஜெர்மன் மொழியில் ஏ2 அளவாவது, அதாவது அன்றாடப் பேச்சுக்கான இரண்டாம் படியாவது, முடித்துவிட்டுக் கிளம்புவாள் என்றால் பிரேமன், சந்தேகமே இல்லை. இரண்டு வருடம், பாஸ், ஷெங்கன், சங்கங்கள். பழகவும் சுற்றவும் நிதானமாக நேரம் இருக்கும். மொழி படிக்க மாட்டாள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் என்றால் பினாங்கே மேல். அப்படிப் போனால் ஊர்க்காரர் வீட்டில் தங்காமல் விடுதியில்தான் தங்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு உறவுக்கு, மீதி அவளுக்கு. இதை அத்தானிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஊர் சுற்றுவதுதான் முதல் ஆசை என்கிற பிள்ளைகளுக்கு நாலாவதாக ஒரு வழியும் உண்டு. எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலை. குறைந்தது இரண்டு நாட்டில் படிக்க வேண்டும் என்பதே அதன் விதி; உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. கடல் உயிர்வளத்துக்கென்றே பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் தலைமையில் ஒரு படிப்பு நடக்கிறது. செமஸ்டருக்கு ஒரு ஊர் மாறுவதால் இடங்கள் நிறையப் பார்க்கலாம். ஆனால் ஊரோடு ஒட்டுவதற்குள் பெட்டி கட்ட வேண்டும், கூடவே நகர்கிற வகுப்புப் பிள்ளைகள்தான் கூட்டாளிகள். அக்கா மகளுக்கு இந்த வருடம் அதற்கு நேரம் கடந்துவிட்டது. அடுத்தவர்கள் முதல் வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

எந்த ஊர் என்று முடிவாவதற்கு முன்னாலேயே அவள் செய்யக்கூடிய இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று சைக்கிள். பிரேமன் தட்டையான ஊர், நிறையப் பேர் சைக்கிளில்தான் வகுப்புக்கு வருவார்கள். ஸ்கூட்டியிலேயே வளர்ந்த பிள்ளை எதிர்க்காற்றில் மிதித்துப் பழக வேண்டும், பாம்பன் பாலத்தில் காலையில் மிதித்தால் அந்தப் பயிற்சி இலவசம். இன்னொன்று நீச்சல். கடல் ஓரத்தில் பிறந்து, கடலையே பட்டப்படிப்பாகப் படித்து, தண்ணீரில் இறங்கத் தெரியாத பெண்பிள்ளைகள் நம் பக்கம் ஏராளம், இவளும் ஒருத்தி. மூன்று ஊரிலும் கோடைச் சந்திப்பு ஏரியிலோ குளத்திலோ கடலிலோதான் நடக்கும், நீந்தத் தெரியாதவள் கரையில் எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருப்பாள். கச்சான் என்கிற மேல்காற்று பலப்படுவதற்குள் அரியமான் கடற்கரைப் பக்கம் அலை குறைவாக இருக்கும். தெரிந்த பெண் ஒருத்தி கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள், காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.